சத்து மாவு டப்பாவும் மல்லிகாவின் காப்பும்

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு, ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மருந்து ஆய்வாளர், நல்ல பெண், போன் செய்தாள். "மேடம், இனிய அனுபவமா ஒண்ணு எழுதிக் குடுங்க. ரெண்டு பக்கம் போதும்" என்றாள். இனிய அனுபவமாம்! கடை கடையாக ஏறி இறங்கிக் காலாவதி மாத்திரையைப் பொறுக்கிய பிழைப்பில் இனிப்புக்கு நான் எங்கே போவேன்? என்னிடம் இருப்பது கோபம்தான், வேண்டுமானால் அதை எழுதித் தருகிறேன் என்றேன். சிரித்தாள். சிரித்துவிட்டு, போனை வைப்பதற்கு முன்னால், "மேடம், ஒரு சந்தேகம். கடைத்தெருவுல எங்க பாத்தாலும் சத்துப் பவுடரா அடுக்கி வச்சிருக்காங்க. அதுலெல்லாம் நாம கை வைக்க முடியுமா? அது உணவு கணக்குதானே?" என்று கேட்டாள்.

கேட்டாளே ஒரு கேள்வி! இரண்டு பக்கம் எங்கே போதும்?

படித்தது பி.பார்ம். தேர்வு எழுதி வேலைக்கு வந்ததையும், பயிற்சி என்ற பெயரில் சீனியர்கள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்ததையும் விட்டுவிடுகிறேன், எல்லோரும் அலைந்ததுதான். நாகப்பட்டினத்தில் இருந்தபோது சுனாமி வந்தது. அதற்குப் பிறகு எங்கெங்கிருந்தோ நிவாரண மருந்துகள் வந்து குவிந்தன. அனுப்பியவர்களின் மனசைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியைப் பிரித்தால் பல மருந்துகளின் லேபிள் எங்கள் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. ஒரு மீனவப் பெண் ஒரு பாட்டிலை நீட்டி, "இது குடிக்கறதா மேடம், பூசிக்கறதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு லேபிளை நம்பி ஜனங்கள் எதையெல்லாம் வாய்க்குள் போடுகிறார்கள் என்பது அன்றைக்கு உறைத்தது. படிக்க முடியாத லேபிளுக்கே இந்தப் பாடு. தஞ்சாவூருக்கு மாற்றலாகி வந்த பிறகு, அழகான தமிழில் பொய் எழுதிய லேபிளைப் பார்த்தேன்.

தஞ்சாவூரில் எனக்கு மேலே உதவி இயக்குநராக இருந்தவர் சபாபதி சார். சுபாவத்தில் எனக்கு நேர் எதிர். நான் படபடவென்று பொரிந்து தள்ளுவேன். அவர் குரல் உயர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை. எந்தப் பொருளைக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாலும் முதலில் தொடமாட்டார். நாம் நின்றுகொண்டு அதன் லேபிளை முழுசாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் முகவரியில் ஆரம்பித்து, 'குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்' வரைக்கும் விடாமல் படிக்க வேண்டும். அப்புறம் சட்டப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார். அதையும் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்தச் சொல்லில் விஷயம் இருக்கிறதோ அந்தச் சொல் வந்ததும் மேசை மேலிருந்து பேனா ஒரு விரற்கடை எழும்பும். நாம் அங்கே நிறுத்திவிட்டு யோசிக்க வேண்டும். விளக்கம் கேட்டால், "மறுபடி படிங்கம்மா" என்பார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். இதென்ன பள்ளிக்கூடமா என்று வெளியே வந்து கத்தியிருக்கிறேன்.

ஓர் ஆடி மாதம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா எங்கள் அலுவலகத்துக்கு போன் செய்தார். குறுவை நடவு முடிந்திருந்த சமயம். "ஒரு பொம்பளைய மயக்கத்துல கொண்டாந்தாங்க. பிரஷரே இல்ல. ஸ்டீராய்டு ஊசி போட்டதும் கண்ணு முழிச்சுட்டாங்க. ரொம்ப நாளா ஸ்டீராய்டு சாப்பிட்டு, திடீர்னு நிறுத்தினவங்களுக்குத்தான் மேடம் இப்படி ஆகும். ஆனா இந்த அம்மா மாத்திரையே தொட்டதில்லைன்னு சத்தியம் பண்றாங்க. நீங்க கொஞ்சம் வந்து பாக்க முடியுமா?"

போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் பெயர் மல்லிகா. திருவையாற்றுக்கு மேற்கே குடமுருட்டிக் கரையில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். நடவு, களை, அறுப்பு என்று வயலிலேயே கிடப்பவள். கைகால் மெலிந்திருந்தது, முகம் மட்டும் உப்பிப் பளபளவென்று இருந்தது. முன்கையில் வளையல் பட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நீலம் பூத்திருந்தது. அந்தக் கையில் மஞ்சள் கயிற்றில் காப்பு. ஊசி ஏற்றுவதற்காக அதை முழங்கை வரைக்கும் தள்ளி விட்டிருந்தார்கள். "அறுத்துடச் சொன்னாங்க மேடம். நான் மாட்டேன்னுட்டேன். எங்க ஊர்லயும் காப்பு கட்டியிருக்கு" என்றார் நர்ஸ்.

அவர்கள் தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி நாலாவது நாள் மல்லிகா விழுந்திருக்கிறாள். மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல்.

"மாத்திரை எதுவும் சாப்பிடலையாம்மா?" என்று கேட்டேன்.

"காப்பு கட்டிட்டு மாத்திரை திம்பாங்களா மேடம்? அதுக்கு முன்னாடியும் திங்கறது கிடையாது."

"சரி, காப்புக் கட்டுனதும் என்னென்ன விட்டீங்க?"

"கவிச்சி விட்டேன். காப்பி விட்டேன். வெத்தலை விட்டேன். அப்புறம் அந்தப் பவுடர விட்டேன்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன்.

"என்ன பவுடரும்மா?"

"மூட்டுக்கு சத்துப் பவுடரு மேடம். எங்க புனிதா குடுக்குது, மகளிர் குழுத் தலைவி. நடவுக்குக் குனிஞ்சா நிமிர முடியாது. இதப் பால்ல கலக்கிக் குடிச்சா மறுநா சின்னப் புள்ளையாட்டம் எறங்கி நட்டுட்டு வருவேன். அவ்வளவு புடிக்கும் எனக்கு. மனசுக்குப் புடிச்சத விடறதுதானே மேடம் விரதம்? அதான் விட்டேன். மத்தவளுங்க யாரும் விடல. டப்பாவுல சத்துணவுன்னுதான் போட்டிருக்கு, மருந்துதான் ஆகாது, சாப்பாடு ஆகும்னு தின்னுட்டுத்தான் இருக்காளுங்க. அவளுங்கல்லாம் கல்லு மாதிரி இருக்காளுங்க. நான்தான் வுழுந்துட்டேன். ஊரே என்னத் தெய்வ குத்தம்னு பேசுது. ஆத்தாவுக்கு எம்மேல என்ன கோவம்னு தெரியல."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. ஸ்டீராய்டை நாள்தோறும் வெளியிலிருந்து கொடுத்தால் உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதை விட்டுவிடும். பிறகு சட்டென்று நிறுத்தினால் உள்ளேயும் கிடையாது, வெளியேயும் கிடையாது. ஆள் அப்படியே சரிய வேண்டியதுதான். எவனோ ஒருவன் கஞ்சி மாவில் ஸ்டீராய்டைக் கலந்து இலைப் படம் போட்ட டப்பாவில் அடைத்து விற்கிறான். எல்லோரையும் விடச் சுத்தமாக விரதம் இருந்தவள் செத்துப் பிழைக்கிறாள். பழி மாரியம்மன் மேல்! அக்கிரமம் என்றால் இதற்கு மேல் என்ன இருக்கிறது?

அவள் வீட்டிலிருந்து பாதி டப்பாவை வரவழைத்து, நேரே சபாபதி சார் அறைக்குள் போய் மேசையில் டொக்கென்று வைத்தேன். "சார், இன்னைக்கே போய் அத்தனையையும் அள்ளிட்டு வந்துடறேன்" என்றேன். அவர் டப்பாவைத் தொடவில்லை.

"படிங்கம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். கேழ்வரகு, கொள்ளு, முருங்கை இலை, சுக்கு. உணவு உரிம எண். வெளிமாநிலத்து முகவரி ஒன்று. கடைசியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல'. பேனா எழும்பவே இல்லை.

"இது உணவுத் துறை சரக்காச்சே" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு போன் போட்டேன். நல்ல மனுஷர்தான். "மேடம், நான் சாம்பிள் எடுக்கறேன். ஆனா வழக்கமான சோதனையில புரதம் எவ்வளவு, ஈரப்பதம் எவ்வளவு, கலப்படச் சாயம் இருக்கான்னுதான் பாப்பாங்க. மருந்து இருக்கான்னு பாக்கறதுக்குத் தனியா வேற லேபுக்கு எழுதி, வசதி இருக்கான்னு கேட்டு அனுப்பணும். நாளாகும். மருந்துன்னு சந்தேகம் இருந்தா நீங்களே எடுக்கலாமே?" என்றார். எங்களிடம் கேட்டால், லேபிளில் உணவு என்று இருக்கிறது, அவர்கள் வேலை. அவர்களிடம் கேட்டால், உள்ளே மருந்து இருக்கிறது, எங்கள் வேலை. இந்த நடு வரப்பில்தான் அந்தக் கம்பெனிக்காரன் ஜம்மென்று பாய் விரித்துப் படுத்திருக்கிறான். அவனுக்குச் சட்டம் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? நம்மைவிட நன்றாகத் தெரியும்.

"சார், இதென்ன கூத்து?" என்று கத்தினேன். அவர் சட்டப் புத்தகத்தை நீட்டினார். மருந்து என்றால் என்ன என்ற பிரிவை நின்றுகொண்டு படித்தேன். நோயைக் கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க என்று போய், 'பயன்படுத்தும் நோக்கம் கொண்ட பொருள்கள்' என்ற இடத்தில் பேனா எழும்பியது.

நோக்கம். டப்பாவில் என்ன வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளட்டும். என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தார்கள்? மூட்டு வலி போகும் என்று வாயால் சொல்லிக் கொடுத்தார்களா இல்லையா?

"அந்தப் பொண்ணு என்ன சொல்லி வித்தாங்கறத முதல்ல வாங்குங்க. அப்புறம் சாம்பிள் எடுங்க" என்றார். நான் ஏற்கெனவே கதவுப் பக்கம் போய்விட்டேன்.

புனிதா வீட்டு முன்னறையில் டப்பாக்கள் சுவரோரமாக அடுக்கியிருந்தன. முப்பது முப்பத்தைந்து வயசுப் பெண், கெட்டிக்காரி. கம்பெனிக்காரர்கள் தஞ்சாவூர் ஓட்டலில் கூட்டம் போட்டு, மாலை போட்டு, 'டீலர்' என்று அட்டை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அதைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். மல்லிகாவுக்கு இருந்த அதே உப்பல், அதே பளபளப்பு.

"நீயும் சாப்பிடறியாம்மா?"

"தெனமும் மேடம். நானே சாப்பிடாததையா அடுத்தவங்களுக்குக் குடுப்பேன்? பாருங்க, உடம்பு எப்படித் தேறியிருக்கு! முட்டி வலி, இடுப்பு வலி எல்லாத்துக்கும் கேக்கும்னு கம்பெனியில சொன்னாங்க, நானும் அதையேதான் சொல்லிக் குடுக்கறேன். பொய்யே கிடையாது."

அதை எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பிறகு சாம்பிள். ஒரே தொகுப்பு எண்ணில் பிரிக்காத டப்பாக்களாக நாலு எடுக்க வேண்டும். விலையைக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். அரசாங்கம் சும்மா அள்ளிக்கொண்டு வரக் கூடாது. ஒவ்வொன்றையும் பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி முத்திரை குத்த வேண்டும். தாள் சேரும் இடத்தில் அவள் கையெழுத்தும் என் கையெழுத்தும் குறுக்கே ஓட வேண்டும், பிரித்தால் தெரிந்துவிடும்படி. ஒன்று அவளுக்கு, ஒன்று அரசுப் பகுப்பாய்வாளருக்கு, ஒன்று நீதிமன்றத்துக்கு, ஒன்று தயாரித்தவனுக்கு. அரக்கு காய்கிற வரைக்கும் ஊதக் கூடாது, முத்திரை கலங்கிவிடும். எவ்வளவு கோபம் இருந்தாலும் கை நடுங்கக் கூடாத வேலை அது.

நான் அரக்கு உருக்கிக்கொண்டிருந்தபோது புனிதா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "இந்த ரெண்டு நாளா நல்ல ஓட்டம் மேடம். மல்லிகா அக்கா பவுடர நிறுத்தித்தானே வுழுந்துச்சு? அதப் பாத்துட்டு ஒருத்தரும் நிறுத்த மாட்டேங்கறாங்க, கூட ஒரு டப்பா வாங்கி வச்சுக்கறாங்க. கம்பெனி சாருகிட்ட போன்ல சொன்னேன். 'அந்த அம்மா கதையச் சொல்லியே வித்துடு'ன்னாரு."

அரக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் எதன் மேலாவது எறிந்திருப்பேன். ஒரு பெண் சாகக் கிடந்ததைக்கூட விளம்பரமாக மாற்றியிருக்கிறான்! அந்த 'சார்' எதிரே நின்றிருந்தால் என் வேலையே போயிருக்கும், அன்றைக்கு அப்படி ஓர் ஆத்திரம்.

மீதி இருப்பை விற்கக் கூடாது என்று உத்தரவு எழுதிக் கொடுக்கும்போது டாக்டரம்மா போனில் வந்தார். "மேடம், ஸ்டாக்கைப் பூட்டறீங்க, சரி. ஆனா சாப்பிட்டுட்டு இருக்கறவங்க டப்பா தீந்துபோனா அத்தனை பேரும் மல்லிகா மாதிரி வந்து விழுவாங்க. முதல்ல அவங்கள மாத்திரைக்கு மாத்தணும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுத்தான் நிறுத்தணும். அத விட்டுட்டுப் பூட்டாதீங்க."

சபாபதி சாரைக் கூப்பிட்டேன். "பூட்டாம இருக்க முடியாதும்மா, தெரிஞ்சே விஷத்த விக்க விட்ட மாதிரி ஆயிடும். பூட்டுங்க. பூட்டிட்டு அங்கேயே இருங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு ஒரு வழி பண்ணாம திரும்பி வராதீங்க" என்றார். இதற்குச் சட்டத்தில் எந்தப் பிரிவும் கிடையாது. அந்த மனுஷர் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அன்றோடு போயிற்று.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து டாக்டரும் நர்ஸும் வந்தார்கள். கோயில் வாசலில் பெண்களைக் கூட்டினோம். இருபது முப்பது பேர் இருக்கும். எல்லோர் கையிலும் காப்பு. பெரும்பாலோருக்கு ஒரே அச்சில் வார்த்த மாதிரி வட்ட முகம். பவுடரில் மருந்து கலந்திருக்கிறது, சட்டென்று விட்டால் உயிருக்கு ஆபத்து, இன்றைக்கே இந்த மாத்திரையை ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு கை நீளவில்லை.

"காப்பு கட்டிட்டு மாத்திரையா? ஆத்தி! போங்க சார்" என்றாள் ஒருத்தி.

"தீமிதி முடிஞ்சு காப்பக் கழட்டுனப்புறம் திங்கறோம்."

"அதுவரைக்கும் பவுடரத் தொறந்து குடுங்க மேடம். அது சாப்பாடுதானே, தோஷமில்ல."

"அதுலயும் இதுலயும் இருக்கறது ஒரே சரக்குதாம்மா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"அதெப்படி மேடம்? டப்பாவுலயே மருந்தில்லன்னு அச்சடிச்சிருக்கே. எங்க வீட்டுப் புள்ள படிச்சுக் காட்டுச்சு. கெவருமென்டு நம்பரெல்லாம் போட்டிருக்கு."

அவர்கள் லேபிளை நம்பினார்கள். லேபிளை நம்புங்கள், படித்துப் பார்த்து வாங்குங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டுச் சொன்னதே நாங்கள்தான். பூசாரியைப் பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "நான் தின்னுங்கன்னு சொல்லி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எந்தலைதானேம்மா உருளும்?" என்றார். அதிலும் தப்புச் சொல்ல முடியவில்லை.

அன்று மதியம்தான் மல்லிகாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியிருந்தார்கள். அவள் வீட்டுக்காரர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்டோ கோயிலைத் தாண்டும்போது, "நிறுத்துய்யா" என்று அவள் குரல் கேட்டது. இறங்கினாள். புறங்கையில் இன்னும் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. காப்பு முழங்கையிலேயே இருந்தது. அவளைப் பார்த்ததும் கூட்டம் கொஞ்சம் விலகி நின்றது. தெய்வ குத்தம் ஆனவளாயிற்றே!

"காப்போட ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கா. கோயிலுக்குள்ள வரலாமா?" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள்.

மல்லிகா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நர்ஸிடம் போய்க் கையை நீட்டி, "ஒண்ணு குடு தாயி" என்றாள். "உங்களுக்கு ஆஸ்பத்திரியிலயே தந்திருப்பாங்களே" என்றார் நர்ஸ். "இன்னைக்குள்ளத இன்னும் முழுங்கல. இங்க முழுங்கறேன்." மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, சன்னதிக்கு நேரே போய் நின்றாள். கையை எல்லோரும் பார்க்கும்படி உயரத் தூக்கினாள்.

"பாத்துக்கங்கடி. காப்பு கட்டுன கையாலதான் திங்கறேன். ஆத்தா, குத்தம்னா என்ன அடி. இங்கயே, இவளுங்க கண்ணு முன்னாடியே அடி. குத்தமில்லன்னா இவளுங்களக் காப்பாத்து."

போட்டு விழுங்கினாள். பிறகு அப்படியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரும் அசையவில்லை. கோயில் மரத்துக் காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் வீட்டுக்காரர் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் உதடு மட்டும் அசைந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன் என்றால் சிரிக்காதீர்கள். மாத்திரை ஒன்றும் செய்யாது என்று எனக்குத் தெரியும். ஆனால் மூணு நாள் முன்பு விழுந்த உடம்பு, பசி மயக்கத்தில் மறுபடி ஒரு தள்ளாட்டம் தள்ளாடினாலும் போதும், அத்தனை பேரும் வீட்டுக்கு ஓடியிருப்பார்கள்.

வெகுநேரம் கழித்து மல்லிகா தலையைத் தூக்கி, "பசிக்குது. யாராவது கஞ்சி குடுங்கடி" என்றாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலில் கை நீட்டியவள் புனிதா. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். பூசாரி தீர்த்தச் செம்பை எடுத்து வந்து, மாத்திரைக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்த ஊரில் அதற்குப் பிறகு ஒருவரும் விழவில்லை. மல்லிகாவைப் பால்குடம் தூக்க டாக்டர் விடவில்லை. ஒரு சின்னச் செம்பில் பால் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இனிய அனுபவம் கேட்டாளே அந்தப் பெண், அது இவ்வளவுதான். இதற்கு மேல் நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும்.

பகுப்பாய்வு அறிக்கை வந்தது. ஸ்டீராய்டு இருந்தது, வலி மாத்திரை மருந்தும் இருந்தது. லேபிளில் இருந்த முகவரிக்கு அந்த மாநிலத்து அதிகாரிகள் போய்ப் பார்த்தார்கள். பூட்டிய கொட்டகையும் ஒரு பெயர்ப் பலகையும்தான் இருந்தன. கம்பெனி சார் போன் அணைந்துபோனது. உணவுத் துறையில், வழக்கமான சோதனையை மட்டும் வைத்து, தனியாக ஒரு நடவடிக்கை நடந்தது. அதில் என்ன குற்றம் நிரூபணமாயிற்று தெரியுமா? 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் போதுமான அளவு பெரிய எழுத்தில் இல்லையாம்! அதற்குக் கம்பெனி பேரில் அபராதம். பொய்யைச் சின்னதாக எழுதியது தப்பு, இனிமேல் பெரிதாக எழுது என்று பொருள். தலையில் அடித்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அதே இலைப் படம், அதே மாவு, வேறு பெயரோடு பக்கத்து மாவட்டத்துக் கடைகளில் வந்துவிட்டது.

எங்கள் வழக்கு ஜவ்வாக இழுத்து, நான் ஓய்வு பெற்ற பிறகுதான் விசாரணைக்கு வந்தது. குற்றவாளிக் கூண்டில் யார் என்று நினைக்கிறீர்கள்? புனிதா. அவள் ஒருத்திதான். கலந்தவனைக் காணோம், அடைத்தவனைக் காணோம், ஓட்டலில் மாலை போட்டவனைக் காணோம். வழக்கில் பெயர் சேர்த்திருந்த கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து ஒரு பெரிய வக்கீல் மட்டும் வந்திருந்தார். என் சாட்சியம் முடிந்துவிட்டதால் நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்துச் சாட்சிக் கூண்டில் ஏறியவள் மல்லிகா. முகம் வற்றி, தன் பழைய முகத்துக்குத் திரும்பியிருந்தாள். வந்ததும் நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டாள். எதிர்ப்பக்கம் நின்ற புனிதாவைப் பார்த்து, "நீ ஏன்டி தனியா நிக்கிற?" என்றாள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று அதட்டினார்கள்.

வக்கீல் மென்மையாகத்தான் ஆரம்பித்தார். "ஏம்மா, காப்பு கட்டினா உங்க ஊர்ல மருந்து சாப்பிட மாட்டீங்க, இல்லையா?"

"மாட்டோங்க."

"ஆனா காப்பு கட்டின பெண்கள் எல்லாம் இந்தப் பவுடரைச் சாப்பிட்டாங்க."

"சாப்பிட்டாங்க."

"அம்மனுக்கு முன்னால பொய் விரதம் இருப்பாங்களா? மாட்டாங்க. அப்போ இது உணவுன்னு உங்க ஊரே ஏத்துக்கிட்டிருக்கு. மருந்து இல்ல, உணவு. சரிதானேம்மா?"

அவர்கள் பக்தியையே கத்தியாக எடுத்து அவர்கள் கழுத்தில் வைக்கிறான்! மல்லிகா கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, உயர்ந்தும் போகாமல் தாழ்ந்தும் போகாமல், ஒரு பதில் சொன்னாள். வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார்.

தட்டச்சில் அது எப்படி ஏறியது என்று நகல் வாங்கிப் பார்த்தேன். 'மேற்படி பொருளை உணவு என்று நம்பி நான் உட்கொண்டேன் என்றால் சரிதான். மேற்படி பொருளை நிறுத்திய பின்பு எனக்கு உடல்நலக் குறைவு ஏற்பட்டது.' இதுதான் இருக்கிறது. அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வழக்கும் இன்னும் முடியவில்லை. நாளைக்கு மேல்முறையீட்டில் உட்காரும் நீதிபதி அந்த உடல்நலக் குறைவைத்தான் படிப்பார். தலைவலியோ ஜலதோஷமோ என்று நினைத்துக்கொள்வார்.

அதனால், என் நாற்காலியில் இருக்கும் பெண்ணே, கை வைக்க முடியுமா என்று கேட்டாயே, உனக்காகவும், இந்த மலரை யாராவது படித்தால் அவர்களுக்காகவும், எந்தக் காகிதத்திலும் ஏறாத அந்தப் பதிலை மல்லிகா சொன்னபடியே இங்கே எழுதி வைக்கிறேன்:

"ஐயா, சோத்த நிறுத்துனா பசி வரும். இத நிறுத்துனேன், எனக்குச் சாவு வந்துச்சு. இப்ப நீங்களே சொல்லுங்க, நான் தின்னது சோறா?"